குமியூ வழியாகக் காசிக்கு

வைனரியில், அதாவது திராட்சை மது வடிக்கும் தோட்டத்தில், கல்யாணம் வைப்பதில் எனக்கு ஒருநாளும் ஆட்சேபணை இருந்ததில்லை. பார்க்கிங் தாராளமாக இருக்கும். ஆக்லாந்துக்குள் எந்த மண்டபத்தை எடுத்தாலும் வந்தவர்களில் பாதிப் பேர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டே தாலி கட்டுவதைத் தவறவிடுவார்கள். ஊருக்கு வெளியே குமியூவில் அந்தத் தொல்லை இல்லை.

என் பெண் மஹதிதான் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் பழைய மரவீட்டில் நானும் அவளும் மட்டும்தான். என் மனைவி கல்யாணி போய்ச் சேர்ந்ததிலிருந்து சமையல், என் மாத்திரை, கார் ஓட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. மருந்தகத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து எனக்கு ரசம் வைப்பாள். நல்ல ரசம்.

ஹில்ஸ்பரோவில் இருக்கும் என் அக்கா பங்கஜத்துக்குத்தான் செய்தி தொண்டைக்குள் இறங்கவில்லை. "ஏண்டா கோதண்டம், பொண்ணுக்குச் சாராயக்கடையில கல்யாணம்னு நான் யார்கிட்டடா சொல்றது?" என்றாள். பத்திரிகையில் திராட்சைத் தோட்டம் என்று அச்சடித்தோம். சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அதை நம்பி வந்து, பீப்பாய்களுக்கு நடுவே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம் செய்துவைக்க வந்த வாத்தியார் பீப்பாய்களைப் பார்த்தார். பிறகு தட்சிணைத் தட்டைப் பார்த்தார். பீப்பாய்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் தோஷமில்லை என்று ஒரு சாஸ்திரத்தை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னார்.

பிப்ரவரி மாதம். கொடிகளில் பழம் முற்றியிருந்தது, பறவை தின்னாமல் வலை போர்த்தியிருந்தார்கள். அதற்கும் அடங்காத பறவைகளுக்காகத் தானே வெடிக்கும் ஒரு துப்பாக்கியும் உண்டு. சங்கல்பத்தின் நடுவில் அது வெடித்தபோது வாத்தியார் மந்திரத்தோடு சேர்ந்து என் மடியில் சாய்ந்தார். மஹதி அன்று அதற்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை பெயர் அகில். அவனைப் பற்றி நான் ஒரு குறை சொல்லமாட்டேன். இன்ஸ்டன்ட் காப்பி குடிப்பான், அவ்வளவுதான். கூச்ச சுபாவம். யாராவது அழுதால் இவனுக்கும் கண் கலங்கிவிடும். வாக்குக் கொடுத்தால் தலை போனாலும் காப்பாற்றுவான். இந்தக் கடைசிக் குணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மெல்பர்னில் அவனுக்குப் பெரிய வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் முடிந்ததும் மஹதியும் அங்கே குடிபோவதாக ஏற்பாடு. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஊர் வெயில் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும்தான் என் கவலை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அது வேறு விஷயம்.

எங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, குடை, தடி, விசிறி சகிதம் வாசலை விட்டுக் கிளம்புவான். எனக்குப் பெண்டாட்டியும் வேண்டாம், குடும்பமும் வேண்டாம், நான் சன்னியாசியாகக் காசிக்குப் போகிறேன் என்று அர்த்தம். பெண்ணின் அப்பா பின்னாலேயே போய், தேங்காயைக் கையில் கொடுத்து, போகாதே அப்பா, என் பெண்ணைத் தருகிறேன் என்று கெஞ்சித் திருப்பி அழைத்து வர வேண்டும். எல்லாம் விளையாட்டு. எல்லா மாப்பிள்ளையும் திரும்பி வந்துவிடுவான். கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றவன் எதையாவது தீர்மானிக்கிற மாதிரி நடிக்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது.

அகில் கொடி வரிசைகளுக்கு நடுவே சரளைக்கல் பாதையில் நடந்தான். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. நூறு பேர் பின்னால் நின்று போனில் படம் எடுத்தார்கள். நான் வேகமாக நடந்து அவனைப் பிடித்தேன். தேங்காயை அவன் கையில் வைத்து, அதன்மேல் என் இரண்டு கையையும் வைத்தேன்.

"மாப்ளே, சிரிச்ச மொகமா கேளுங்கோ, எல்லாரும் பாக்கறா. மஹதிக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லை. எனக்காகத்தான் சரின்னா. கார்த்தால என் கையப் பிடிச்சுண்டு அழுதா."

அவன் சொன்னபடி சிரித்தான். முகத்தில் அந்தச் சிரிப்பை வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு இருக்கிறதே, பாவம். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே மாமா" என்றான்.

"உங்க மனசு நோகும்னு சொல்லலை. நிறுத்தவும் தெரியாம தவிக்கறா. நீங்களே நிஜமா போயிட்டேள்னா அவ பொழச்சுப்பா."

மீதியை வேகமாகச் சொன்னேன். அவள்தான் வேண்டாமென்றாள் என்பது யாருக்கும் தெரியக் கூடாது, பெண்ணுக்கு அவமானம். ஊர் வாய்க்குப் பயந்து அவளே போன் செய்வாள், எடுக்கக் கூடாது. இதற்கெல்லாம் அந்தத் தேங்காய்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. மை கன்னத்தில் இறங்கியது. பின்னால் இருந்தவர்கள் மாப்பிள்ளை நன்றாக நடிக்கிறார் என்று கைதட்டினார்கள்.

அவன் தேங்காயை என்னிடமே கொடுத்துவிட்டுத் திரும்பாமல் நடந்தான். குடை ஆடிக்கொண்டே போனது. பாதை முடியும் இடத்தில் ஒரு கார் நின்றது. கதவைத் திறந்து, குடையை மடக்கி, ஏறிக்கொண்டான். கூட்டத்தில் விசில் பறந்தது. கார் பெரிய சாலையில் ஏறி மறையும்வரை ஒருவர்கூடப் போனைக் கீழே இறக்கவில்லை. என் அக்கா மட்டும் இவ்வளவு தூரமா போவது, முகூர்த்தம் தப்பிவிடும் என்று அலுத்துக்கொண்டாள்.

கல்யாணப் பெண்ணின் கையில் போன் இருக்கக் கூடாது என்று அதை நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அவள் அம்மாவின் பிறந்தநாளைப் போட்டால் திறக்கும். சற்று நேரத்தில் காரிலிருந்து அகில் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தான், உன் அப்பா சொன்னது நிஜமா என்று. நியாயமான கேள்வி. "ஆமா. சாரி. கூப்பிடாதே" என்று அவள் பேரில் பதில் போட்டுவிட்டு, இரண்டையும் அழித்து, அவன் எண்ணிலிருந்து இனி ஒன்றும் வராதபடி தடுத்தும் விட்டேன். பிறகு போனை மஹதியிடம் கொடுத்தேன். மாலையும் கையுமாக நின்று அவனைத் திரும்பத் திரும்ப அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. வாக்கு தவறாத பையன்.

அவன் பெற்றோர் என் காலில் விழுந்தார்கள். நான் தூக்கி நிறுத்தி, குழந்தைகள் மனசு யாருக்குத் தெரியும் என்று ஆறுதல் சொன்னேன். சமைத்ததை வீணாக்க வேண்டாமென்று பந்தியும் போடச் சொன்னேன். பெரிய மனுஷன் என்று பேர் வாங்கினேன். மத்தியானத்துக்கு மேல் சென்னை சொந்தங்கள் துக்கத்தைக் காரணம் காட்டிப் பீப்பாய்ப் பக்கம் நகர்ந்தார்கள். வாத்தியாரை நான் அங்கே பார்க்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

எல்லாம் அந்த நேரத்துத் தடுமாற்றம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பது எனக்கும் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கார் தானாக வந்து நிற்கவில்லை. படித்துக்கொண்டே டாக்ஸி ஓட்டும் மதன்குமார் என்ற பையனிடம் முந்தின வாரமே பேசிவிட்டேன். சாலையைப் பார்த்து நிறுத்து, யார் ஏறினாலும் சொன்ன இடத்தில் இறக்கு, ஒன்றும் கேட்காதே என்று சொல்லியிருந்தேன். கெஞ்ச வேண்டிய வசனத்தையும் பல நாள் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறையில் அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது மஹதிதான் கார் ஓட்டினாள். பட்டுப்புடவையோடு, தலையில் பூவோடு. ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"அப்பா, கடைசியா உங்ககிட்டதானே பேசினான். என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. சிரிச்சான்."

பச்சை விழுந்தும் அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இந்த ஊரில் அவ்வளவு சீக்கிரம் ஹாரன் அடிக்கமாட்டார்கள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள், மறுபடி வேலைக்குப் போனாள், எனக்கு ரசம் வைத்தாள். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அவள் அப்படிச் சொன்னதில்லை, ஆனால் ஒரே வீட்டில் இருப்பவனுக்குத் தெரியாதா?

இப்போது அவளோடு வேலை பார்க்கும் கிளமென்ட் என்று ஒருவன் வீட்டுக்கு வருகிறான். மலேசியத் தமிழன், கிறிஸ்தவன். நல்ல பையன். என் காப்பியைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான். கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் கோலாலம்பூரில் மருந்தகம் திறக்கப் போகிறார்களாம். அங்கே ஈரப்பதம் அதிகம். மஹதிக்குச் சிறுவயதிலிருந்தே நெஞ்சுச்சளி.

கிறிஸ்தவக் கல்யாணத்தில் காசி யாத்திரை கிடையாது. எனக்கு வேலையே இருக்காதோ என்று முதலில் சங்கடமாக இருந்தது. கிளமென்டின் அம்மா எலிசபெத்துதான் விளக்கினார். பெண்ணின் அப்பா அவளைக் கைகோத்து, தேவாலய வாசலிலிருந்து பீடம்வரை மெதுவாக நடத்திக்கொண்டு போவாராம். பாட்டுச் சத்தம் பலமாக இருக்குமாம். எல்லாரும் எழுந்து நின்று படம் எடுப்பார்களாம். பெண் அழுதால்கூட வித்தியாசமாக நினைக்கமாட்டார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு மஹதி என்னை அழைத்துப் போனாள். என் கைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டு, "மெதுவா வாங்கோப்பா, ஒண்ணும் அவசரமில்லை" என்றாள். நான் மெதுவாகத்தான் நடந்தேன். அவளுக்கு நல்லது செய்ய என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவள் காது என் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று அப்போதுதான் கவனித்தேன்.