பணி இனிதே நிறைவடைந்தது

தபாலாபீஸ் ஸ்டாப்தானே? நான் சொல்றேண்ணே, எனக்கு அதுக்கு அடுத்த ஸ்டாப்பு. பையை மடியில வெச்சுக்கிட்டு நிம்மதியா உக்காருங்க. எட்டி எட்டிப் பாக்க வேணாம்.

எங்க விட்டேன்? ஆங், போர்டு. எங்க தெருமுனையில நகராட்சிக்காரங்க நட்ட நீலப் போர்டு. வருஷக்கணக்கா அதுல குடை மாட்டுவோம், துணி காயப்போடுவோம். என்ன எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? எங்க தெருவுல பெரியவங்க முக்காவாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, மீதிப் பேருக்கு நின்னு படிக்க நேரமில்ல. பிள்ளைங்களுக்குத் தெரியும், ஆனா பரீட்சைக்கு வராத எதையும் அதுங்க படிக்காதுங்க. வெளியாள் யாரும் வரவும் மாட்டாங்க. கணுக்கால் வரைக்கும் சாக்கடைத் தண்ணி நின்னா யாரு வருவா? நான் தையல்கடை வெச்சிருக்கேண்ணே. மழை பேஞ்சா கடைக்கு வர்றது தவளை மட்டும்தான். அதுக்கு என்னத்த அளவெடுக்க?

அப்பதான் நகராட்சி ஆபீசுக்குப் பின்னாடி ஒரு ரூமுல, எங்கள மாதிரி பொம்பளைங்களுக்கு சாயங்கால வகுப்பு ஆரம்பிச்சாங்க. என் நாத்தனாருக்கு எழுத்துக்கூட்ட வந்ததுதான் தாமதம், கண்ணுல பட்டதெல்லாம் படிப்பா. சோப்பு டப்பா, பஸ் டிக்கெட், ஒண்ணு விடல. ஒரு நாள் அந்த போர்டு முன்னாடி நின்னு சத்தமா படிக்கிறா. வடிகால் அமைக்கும் பணி இனிதே நிறைவடைந்தது. ஒரு கையில செருப்பு, ஒரு கையில குடை, சாக்கடைக்குள்ள நின்னுக்கிட்டு படிக்கிறாண்ணே! சிரிச்சு சிரிச்சு எங்களுக்கு வயிறே வலிச்சுப் போச்சு. அப்புறம்தான் கோவம் வந்துச்சு.

விடுவோமா? மாசாமாசம் பொதுமக்கள் கூட்டம் நடக்குமாம், யாரு வேணாலும் கேள்வி கேக்கலாமாம். டீச்சர் சொல்லித்தான் தெரியும். வகுப்பு மொத்தமும் போய் நின்னோம். நின்னா, கேள்விய எப்படிக் கேக்கணும்னு யாரும் யோசிச்சு வெக்கல. போர்டுல இருந்தத மட்டும் எல்லாருமா சேந்து ஒப்பிச்சோம். அதிகாரி முதல்ல நல்லாத்தான் தலையாட்டுனாரு. அப்புறம் எங்க கால்ல அப்பியிருந்த சாக்கடைச் சேத்தப் பாத்தாரு. எந்திரிச்சு எங்க தெருவுக்குக் கூடவே வந்துட்டாரு. கெட்ட மனுஷன் இல்லண்ணே. நாங்க கேக்கல, அவரு பாக்கல, அவ்ளோதான்.

வந்துச்சுண்ணே, நெஜ வடிகால்! தெரு காஞ்சுச்சு, ஆள் நடமாட்டம் வந்துச்சு, டீக்கடை வந்துச்சு, சைக்கிள் ரிப்பேர் கடை வந்துச்சு. எங்கிட்ட இப்ப ரெண்டு மெஷினு. ரெண்டாவதுல நாத்தனார் தைக்கிறா. கடை வெச்சவங்க வரி கட்டுறாங்க, நகராட்சிக்கும் வரவுதானே?

இப்ப வகுப்பு நடக்குற அந்த ரூமையே மூடப் போறாங்களாம். ஒடஞ்ச நாற்காலி போட எடம் இல்லையாம். எனக்குப் பத்திக்கிட்டு வருது. இந்த ஊருல இன்னும் எத்தன தெருவு இருக்கு, எத்தன போர்டு இருக்கு!

என்னண்ணே சிரிக்கிறீங்க? நல்லா இருந்துச்சா? எந்த எடத்துல போரடிச்சுதுன்னு கூச்சப்படாம சொல்லுங்க. தவளைய எடுத்துறவா? வேணாமா? சரி, இருக்கட்டும். ஒண்ணுமில்ல, இன்னிக்குக் கூட்டத்துல அந்த ரூமுக்காகப் பேசப்போறது நான்தான். மைக்குன்னாலே எனக்குப் பேச்சு மறந்துபோகும். வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாத்தேன், பாதியிலயே குறட்டை. அதான், முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்துரலாம்னு உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

ஐயையோ, தபாலாபீஸ் போயிருச்சேண்ணே! பேச்சு மும்முரத்துல நானும் விட்டுட்டேன். நீங்களுமா பாக்கல? கேட்டுக்கிட்டே இருந்துட்டீங்களா?

அப்ப ரூம் எங்களுக்குத்தான்! எந்திரிங்க, என் ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்குங்க, தபாலாபீஸ் எங்கயும் ஓடிராது. வந்து முன்வரிசையில உக்காருங்க. எனக்குப் பேச்சு மறந்துச்சுன்னா, இப்ப சிரிச்சீங்கல்ல, அதே மாதிரி ஒரு தடவ சிரிங்கண்ணே, போதும்.