மேட்சிங் பிளவுஸ்

சிவாஜிநகரில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன் சீட்டு அம்மாள் மடியிலிருந்த புதுப் புடவையைப் பிரித்துப் பார்த்துக் கத்தினார்.

"புடவையோட கடைசியிலயே பிளவுஸ் துணி இருக்கே! இதுக்கா காலைலேருந்து சிக்பேட், கமர்ஷியல் ஸ்ட்ரீட்னு மேட்சிங் தேடினோம்?"

பக்கத்தில் அவருடைய தம்பி மனைவி. கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து ஒரு மாதம்தான் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"தெரியும் அண்ணி. ஊரைச் சுத்திக் காட்டுங்கன்னா அவரு லீவு இல்லன்னாரு, நீங்க வேலை இருக்குன்னீங்க. மேட்சிங் பிளவுஸ்னதும் ஒடனே செருப்ப மாட்டிட்டீங்க."

சண்டைதான் வரப்போகிறது என்று நான் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணி புடவையை நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஜெயநகர் இன்னும் பாக்கலல்ல? ஞாயித்துக்கிழமை போலாம். உள்பாவாடைக்கு மேட்சிங் வேணுமே."