அஞ்சடியில் ஏழு வருசம்

— கல்யாணமே நடக்கலியா? ஐயோ தங்கராஜு, தலையில கல்லத் தூக்கிப் போடுறியே! பாதிரியார் சிரம்பான்லேருந்து கார்ல வந்து எறங்கிட்டாரு. ஞானஸ்நானத்துக்குப் புருசன் பொஞ்சாதின்னு உங்க ரெண்டு பேரையும் எழுதிக் குடுத்துட்டேனே!

— நீங்க கேக்கலியே, உபதேசியாரய்யா.

— கேக்கணுமாக்கும்! ஏழு வருசமா ஒரே லயத்து வீட்ல குடும்பம் நடத்துறீங்க!

— நடத்தலீங்க.

— மங்கம்மா, நீயாவது சொல்லு தாயி. உன் வீட்டுக்காரரு என்ன ஒளறுறாரு?

— வீட்டுக்காரரே இல்லீங்க அவரு. நாகப்பட்டணத்துல, மலாயாவுக்கு ஆளனுப்புற டிப்போவுல, தனிப் பொம்பளையக் கப்பலேத்த மாட்டோம்னுட்டாங்க. காலராவுல எங்க வீட்ல எல்லாரும் போயி நான் ஒருத்திதான் மிச்சம். எங்களக் கூட்டிட்டு வந்த கங்காணி வரிசையப் பாத்தாரு. எனக்கு முன்னால இவரு நின்னாரு. ‘இவ இவன் பொஞ்சாதி’ன்னாரு, எழுதிக்கிட்டாங்க. எங்க கல்யாணம் அம்புட்டுத்தான்.

— அடக் கடவுளே! இது பாவமில்லியா? பாதிரியாருக்குத் தெரிஞ்சா ஞானஸ்நானமே கெடையாது. சரி, சரி, பதறாதீங்க. வழி இருக்கு! சபைக்கு முன்னால முழங்கால் போட்டு, ‘தாலியில்லாமக் கூடி வாழ்ந்தோம்’னு அறிக்கை பண்ணிடுங்க. கையோட கல்யாணம், அதோட ஞானஸ்நானம். ஸ்தோத்திரம்! இந்தப் பகாவ் தோட்டத்துல மொத வேதக்காரக் கல்யாணம்!

— சொல்லிடறேங்க. இப்பவே சொல்லிடறேன் லா.

— யாரக் கேட்டுச் சொல்லுவீங்க? வாழாத வாழ்க்கைக்கு மன்னிப்பா? உபதேசியாரய்யா, பொய் பாவம்னு போன ஞாயித்துக்கெழமை தொண்ட கட்டுற மட்டும் பேசினீங்க. இன்னிக்குக் கோயில்ல எங்க மொத வார்த்தையே பொய்யா இருக்கணுமா?

— பொய்யா? என்னம்மா சொல்ற?

— இவரு படுக்கறது அஞ்சடியிலங்க. வாசலுக்கு வெளிய இருக்குற நடையில. ஏழு வருசமா அங்கதான் பாயி.

— மழைக்கு?

— சாக்கு கட்டிக்குவேங்க.

— பக்கத்து வீட்டு சன்னாசி, உங்க வீட்ல தெனம் சண்டைன்னுல்ல சொன்னான்!

— ஏன் வெளிய படுக்குறேன்னு கேட்டாரு, மூட்டப்பூச்சின்னு சொல்லிப் பாத்தேன், அவரு நம்பல. வந்துங்க... கப்பல்ல இந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே வந்துச்சு. ‘காகிதத்த நெனச்சுப் பயப்படாத, நீயாக் கூப்பிடாம உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்’னேன். சொல்லிட்டேனுங்களே, அப்புறம் எப்படி மிதிக்கிறது?

— சொல்லிட்டு, ஏழு வருசமா? கடவுளோட உடன்படிக்கை, மனுசனோட உடன்படிக்கைன்னு ஆறு மாசமாக் கத்துறேன். நீ ஒண்ணும் தெரியாதவனாட்டம் முன்னால ஒக்காந்து தலையாட்டினியே, அடப்பாவி!

— பாவிங்கிறீங்களே...

— வாய் தவறிடுச்சுப்பா! பாவமும் இல்ல, அறிக்கையும் இல்ல. பொண்ணு, மாப்பிள்ள, அம்புட்டுத்தான்! ஓடு, வேட்டிய மாத்து! இரு, இரு. பாதிரியார் பொண்ணோட சம்மதத்தக் கேப்பாரு. மங்கம்மா, டிப்போவுல உன்னக் கேட்டாங்களா?

— கங்காணி என் மூஞ்சியக்கூடப் பாக்கலீங்க.

— அப்ப நீ கேளு தங்கராஜு. இங்கயே, என் முன்னால.

— மங்கம்மா... என்னக் கட்டிக்கிறியா? மனசில்லன்னா பரவால்ல. அஞ்சடி எனக்குப் பழகிப்போச்சு.

— உபதேசியாரய்யா, நான் ஒரு அறிக்கை பண்ணணுங்க.

— இப்பவா? பாதிரியார் காத்திருக்காரே தாயி! என்ன?

— வாய் தொறந்து கூப்பிட எனக்கு வெக்கங்க. அதுக்காக, வந்த மறு வருசத்துலேருந்து நான் கதவுக்குத் தாப்பாளே போட்டதில்ல. இந்த மனுசன் ஒரு நாளாவது தள்ளிப் பாத்தாரா, கேளுங்க!