ஆறுக்கு ஆறு

“ஹலோ… ஆமா, ஆமா, அவர் வீடுதான்… நான் அவர் சம்சாரம் பேசறேன்… சொல்லுங்க சிஸ்டர்… சேச்சே, தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரிலேருந்து எப்ப கூப்பிடுவீங்கன்னு காலைலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்.”

காத்துக்கொண்டிருந்தாள் என்பது குறைத்துச் சொன்னது. குளிக்கப் போனபோதுகூடப் போனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குளித்தவள் அவள். நாளைக் காலை கணவருக்கு வலது கண்ணில் புரை எடுக்கப் போகிறார்கள். கால் மணி நேர வேலை, வலியே தெரியாது, மறுநாளே டீவி பார்க்கலாம் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த விஷயம் அவர்கள் யாருக்கும் தெரியாது என்பதால், அந்த ஆறுதல் எதுவும் அவளிடம் ஒட்டவில்லை.

“சொட்டு மருந்தா? போட்டாச்சு. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு… ஆமா, ராத்திரி ஒண்ணு பாக்கி… சர்க்கரை இல்ல… பிரஷரும் இல்ல. அவருக்கு வர வேண்டியதெல்லாம் சேர்த்து எனக்கு வந்துடுச்சு… பல்லா? சொந்தப் பல்லுதான் சிஸ்டர், ஒண்ணு விடாம இருக்கு… ஆமா, ஆமா… நான்தான் கூட வருவேன்… பையன் வெளியூர்ல வேலைல இருக்கான், நாளன்னிக்குத்தான் வர முடியும்ங்கறான்.”

முன் அறையில் அவர் மேசை மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். லீவு எடுத்த இந்தப் பத்து நாளில், வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மூன்று சாமான்களை ரிப்பேர் பார்த்துக் கெடுத்தாகிவிட்டது. இது நான்காவது. திருகாணிகளைச் செய்தித்தாளில் பரப்பி, விரலால் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார்.

“ரிப்போர்ட்டா? இருக்கு, இருங்க… என்னங்க, அந்த மஞ்சள் கவர் எங்க?… பீரோ மேலயா?… லைன்ல இருங்க சிஸ்டர்… ஆங், கிடைச்சுது, சொல்லுங்க… முதல் பக்கம்… ஆமா, வலதுன்னு வட்டம் போட்டிருக்கு. வலது கண்ணுதான்… அடுத்த வரியா? இடது… இடதுல ஆறு, ஒரு கோடு, மறுபடி ஆறுன்னு போட்டிருக்கு… அப்படின்னா?”

கேட்டாளே தவிர, அப்படியென்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் அதே கணக்கைச் சீட்டில் எழுதிக் கோப்பில் சேர்த்தவள் அவள். ஆறுக்கு ஆறு என்றால் பழுதில்லாத கண். 

“இல்ல… ஒண்ணுமில்ல… இந்த இடது கண்ணை யாரு சிஸ்டர் பாத்தாங்க?… எழுத்துப் போர்டைப் படிக்கச் சொல்லித்தானே?… எல்லா வரியும் படிச்சாரா?… கடைசி வரி வரைக்குமா?… தடங்கலே இல்லாமலா?… ம்… ம்… நான் அப்ப கூட இல்ல. மருந்துக் கடை வரிசைல நின்னுக்கிட்டிருந்தேன்…”

அவருடைய இடது கண் பிறந்ததிலிருந்தே வேலை செய்ததில்லை. பார்ப்பதற்கு அழகான கண்தான். வலது கண்ணைவிடப் பளபளப்பு என்றுகூடச் சொல்லலாம். உள்ளேயும் எந்தக் கோளாறும் தெரியாது. ஆனால் அதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று சொல்ல அவருக்கு வராது. இந்த லட்சணத்தில், சரக்கு யார்டில் கிரேன் ஓட்டும் அவருக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் ‘கழுகு’.

“சிஸ்டர், நான் ஒண்ணு சொல்லணும்… இல்ல, அந்தப் போர்டு… அவர் அந்தப் போர்டைப் பாத்துப் படிச்சிருக்க… ஆமா சிஸ்டர், ஆமா, ஆமா! சட்டைதானே! முன்னாடி பட்டன் வெச்ச சட்டை, தலை வழியா மாட்டறது கூடாது, புரிஞ்சுது, புரிஞ்சுது! அதையே போட்டுக்கிட்டு வருவாரு!…”

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்திருந்தார். குடித்தார், தம்ளரைக் கவிழ்த்தார், மேசை ஓரத்தில் தொடையை இடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

“…சிஸ்டர், இருக்கீங்களா? நான் சட்டையைப் பத்திப் பேசலை. அவர் வந்துட்டாரு, அதான்… ஒரு நிமிஷம், பின்பக்கம் போயிடறேன்… இந்தச் சத்தமா? குழாயைத் திறந்து விட்டிருக்கேன். அவருக்குக் கேக்கக் கூடாது… கேளுங்க. அவருக்கு அந்தப் போர்டு மனப்பாடம். மேலேருந்து கீழ வரைக்கும்… விளையாடலை சிஸ்டர். டி ஓ இசட், எல் பி ஈ டி… தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. உங்க ஆஸ்பத்திரிலயும் அதே போர்டுதானே மாட்டியிருக்கு?… பாத்தீங்களா?… எத்தனை நாளாவா? இருபத்தேழு வருஷமா.”

குழாய்த் தண்ணீர் வாளியில் நிரம்பி வழிந்தது. அதை நிறுத்தவும் முடியாமல், விடவும் மனமில்லாமல் ஒரு காலால் வாளியை நகர்த்தி அடுத்த வாளியை வைத்தாள்.

“யாரு சொல்லிக் குடுத்தாங்களா?… நான்தான். வேற யாரு? யார்டு கிளினிக்ல நான் அப்ப ஹெல்பரா இருந்தேன். எழுத்தைக் குச்சியால தொட்டுக் காட்டறது என் வேலை. வலது கண்ணைப் பொத்தினதும் இந்த மனுஷன் திருதிருன்னு முழிச்சாரு. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி எழுதிக்கிட்டிருந்தாரு… பாவமா இருந்துச்சு சிஸ்டர். வேலை கிடைக்காம ஊருக்குத் திரும்பிப் போகணுமேன்னு கண்ணுல தண்ணி நின்னுச்சு. நாளைக்கு வாங்க, இன்னிக்கு மெஷின் ரிப்பேர்னு நானே அனுப்பிட்டு, மொத்தப் போர்டையும் ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் குடுத்தேன்… மறுநாள் ஒப்பிச்சாரு. ஆறு மாசத்துல கல்யாணம்… சிரிக்காதீங்க சிஸ்டர்.”

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை வரும். முந்தின நாள் சாயங்காலம் அவள் கேட்பாள், அவர் ஒப்பிப்பார். முதலில் பயந்து பயந்து செய்தது, போகப் போக வீட்டுச் சடங்கு போல ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கவே மாட்டார். கண்ணைப் பொத்தினார்கள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்கதோஷம். அவளுக்கு அவர் மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பித் தன் மேல் விழுந்தது.

“ஏன் இப்ப சொல்றேன்னா… அவருக்கு இருக்கறதே அந்த ஒரு கண்ணுதான். நீங்க ரெண்டு இருக்குன்னு நினைச்சுக் கத்தி வெக்கறீங்க… ஆமா, கத்தி இல்ல, ஊசி மாதிரி ஏதோ… ஏதோ ஒண்ணு… சிஸ்டர், இதை எழுதினீங்கன்னா கம்பெனிக்குப் போகுமா?… உங்களுது அவர் கம்பெனி லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரிதானே, அதான் கேக்கறேன்… போகுமா?… கண்டிப்பாப் போகுமா?”

அவர் ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. கடைசி நாள் கிரேன் மேலிருந்து இறங்கும்போது கீழே எல்லோரும் கைதட்டுவார்கள் என்று அவர் இப்போதே சொல்லிக்கொண்டிருந்தார். அது நடக்காமல், குட்டு வெளிப்பட்டுத் தலை குனிந்து யார்டை விட்டு வெளியே வரும் கழுகை அவள் ஒரு கணம் பார்த்துவிட்டாள்.

“சிஸ்டர்… நான் சொன்னதை மறந்துடுங்க… இல்ல, இல்ல, ஏதோ பயத்துல உளறிட்டேன். ஆறுக்கு ஆறுதான், அதுவே இருக்கட்டும்… சரி… சரி… என்னது?… நாளைக்கு யாரு செய்யறாங்க?… புதுசா வந்த டாக்டரா?… ஒத்தைக் கண்ணா இருந்தா?… பெரிய டாக்டரம்மாதான் செய்வாங்களா? அதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு டெஸ்ட்டா?… ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் கெட்டுப் போகும், சரி. அந்த ஒருத்தரு இவரா இருந்தா? மத்தவங்களுக்கு இன்னொரு கண்ணு இருக்கு. இவருக்கு என்ன சிஸ்டர் இருக்கு?… ம்… இல்ல, மறக்காதீங்க. எழுதுங்க. நான் சொன்னேன்னே எழுதுங்க… இன்னொண்ணும் இருக்கு. போன மாசம் ஒரு பெட்டியை ரெண்டடி தள்ளி இறக்கிட்டாரு. கீழ நின்ன ஆளு அப்பதான் டீ குடிக்க நகர்ந்திருக்காரு. அன்னிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை…”

குழாய் நின்றது. அவள் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தால், கையில் திருப்புளியோடு அவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

“…என்னங்க… ஆமா, ஆஸ்பத்திரிதான்… ஆமா, சொல்லிட்டேன்… கத்தாதீங்க, சிஸ்டர் லைன்ல இருக்காங்க… நான் காட்டிக் குடுக்கலை… காட்டித்தான் குடுத்தேன், போங்க! அதுக்கென்ன இப்ப?… சிஸ்டர், வெச்சுடாதீங்க… கொஞ்சம் தெரியுமா? எந்தக் கண்ணுல?… இடதுலயா? இந்தக் கதையை யார்கிட்ட சொல்றீங்க, என்கிட்டயா?… சரி. தெரியுதுன்னா எண்ணிச் சொல்லுங்க. வலது கண்ணைப் பொத்துங்க. நல்லாப் பொத்துங்க, விரலை இடுக்காதீங்க… அங்கயே நில்லுங்க, நான் வாசக்கதவுகிட்ட போறேன்.”

வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பன்னிரண்டு தப்படி. அவள் நடந்து போய்க் கதவில் முதுகை வைத்து நின்றாள். அவர் மார்பை நிமிர்த்தி, பரீட்சைக்கு நிற்கும் பிள்ளை மாதிரி நின்றார்.

“ஆச்சா?… எத்தனை விரல்?… சத்தமாச் சொல்லுங்க… சிஸ்டர், மூணுங்கறாரு. யோசிக்கவே இல்ல, பட்டுனு மூணுங்கறாரு… இல்ல சிஸ்டர். நான் கையே தூக்கலை.”

 ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கையால் முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். இத்தனை வருஷம் அவர் சொன்ன எல்லாச் சரியான பதிலும் இப்படித்தான் வந்திருக்கிறது என்று நினைத்தபோது, அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இரண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

“ம்… இருக்கேன்… இருக்கேன் சிஸ்டர்… டாக்டரம்மாவே வர்றாங்களா?… சரி… என்னங்க, இங்க வாங்க. தப்புங்க. சொன்னது தப்பு… ஹலோ, டாக்டரம்மா? வணக்கம்மா… ஆமாம்மா, நெசம்தான். ஒரு கண்ணுதான்… சின்னதுலேருந்தே… தேதி தள்ளினாலும் பரவாயில்ல… கம்பெனிக்குத் தெரிஞ்சாத் தெரியட்டும். ஏணி ஏறி இறங்கினது போதும், வீட்டுக்குள்ள இடிச்சுக்காம நடந்தாப் போதும் எனக்கு… இருக்கறது ஒண்ணு. அதைப் பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா, நீங்க நல்லா இருப்பீங்க… அவர்கிட்டயா? அவர் வாயால சொல்லணுமா?”

அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் போனை அவர் காதில் வைத்துத் தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, அவர் முகம் சிறுத்துப் போயிற்று. உதட்டைக் கடித்தார். பிறகு தரையைப் பார்த்தபடி மெல்லத் தலையை ஆட்டினார்.

“ஐயோ, தலையாட்டினா அவங்களுக்குக் கேக்குமா? வாயைத் திறந்து சொல்லுங்க… சொல்லுங்க, நான் இருக்கேன்.”

இடது கண் தெரியாது என்று அவர் சொன்னார். இருபத்தேழு வருஷத்தில் அவள் காதுக்குக்கூட அவர் சொல்லாத வார்த்தை அது. அவளும் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் அவர் வாசற்கதவோரம் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். அவள் போனைத் தன் காதுக்கு எடுத்தாள்.

“அம்மா, கேட்டுச்சா?… கேட்டுச்சுல்ல?… சரிம்மா… சரி, சரி… நாளைக்கு டெஸ்ட் மட்டும்… வந்துடறோம், ரெண்டு பேரும் வந்துடறோம்… இல்லம்மா, அவர் அழலை. நான்தான்… வெச்சுடறேன்.”