பதினோரு நாள் கடல்

– பதினோரு நாளும் தண்ணிதானா? கரையே கண்ணுல படாதா?

– படாது றீற்றா. காலித் துறைமுகத்துல பாய விரிச்சா நேரா நாங்க போற தீவுதான். சுத்திவர பவளப்பாறை, நடுவுல குளம் கணக்கா கடல். அங்க இருக்கிறது ஒரே ஒரு புருசன் பொஞ்சாதி. ஆமை முட்டைக்குக் காவல்.

– குடிக்கிறதுக்கு?

– மழைத்தண்ணி. தாங்கி கட்டியிருக்காங்களாம். நீ என்ன, பொலிஸ்காரன் மாதிரி குடையிற?

– குடையாம? கடுகண்ணாவ மலை வளைவு வந்தாலே வாந்தி எடுக்க பஸ்ஸ நிப்பாட்டச் சொல்ற ஆளு நீங்க.

– அது டீசல் நாத்தம். கடல்ல நல்ல காத்து. கேளு, இருபத்திரண்டு வருசம் ஹோட்டல் குசினியில வெந்துட்டேன். வெளிய வந்தா நாலு பக்கமும் மலை. மூச்சு முட்டுது. காலு ஒரு இடத்துல நிக்குதில்ல. கப்பல்ல சமைக்க ஆள் வேணும்னு கப்டன் சொன்னப்போ, எனக்காகவே சொன்ன மாதிரி இருந்திச்சு.

– எனக்கு மட்டும் என்னவாம்? மஹய்யாவைக்கும் தெல்தோட்டைக்கும் பஸ் ஏறி இறங்கியே பத்தொன்பது வருசம் போச்சு. எத்தனை பிள்ளைப்பேறு பாத்திருப்பேன்! ஒருநாளாவது கடல் காட்டினீங்களா?

– ரெண்டு மாசத்துல வந்திருவேன். வந்ததும் நீர்கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறேன், போதுமா? அந்தப் பையக் குடு, சரிபாக்கணும். என்ன இது, என் சேர்ட்டெல்லாம் எங்க?

– அலுமாரியில வச்சிட்டேன்.

– திருப்பியுமா? ஏன்?

– முதல்ல அந்தக் கதிரையில உக்காருங்க.

– உக்கார நேரமா இது? விடிய அஞ்சு மணிக்குப் பஸ். சொல்லு, என்ன நடந்திச்சு?

– நீங்க மழைக்கோட்டு வாங்கப் போன நேரம் கப்டன் போன்ல கோல் எடுத்தாரு.

– பயணம் தள்ளிப் போச்சா?

– இல்ல. அந்தத் தீவுப் பொண்ணுக்கு ஏழு மாசமாம். பிரஷர் வேற கூடியிருக்காம். கூட்டிட்டு வந்தா கடல் ஆட்டம் தாங்க மாட்டாளாம்.

– ஐயோ பாவம். அதுக்கு நான் என்ன செய்ய?

– கப்பல்ல ஒரு ஆளுக்குத்தான் இடமாம்.

– அதான் எனக்குக் குடுத்தாச்சே!

– சமையல அவங்களே பாத்துக்குவாங்களாம். என் மருத்துவிச்சி வேலையப் பத்தி நீங்கதான் அவர்கிட்ட பெருமையா சொல்லி வச்சிருக்கீங்க. அஞ்சு மணி பஸ்ஸுல நான் போறேங்க.