மேட்டுத்தடத்தில் மணல் கொட்டியவர்

கதவைப் பார்ப்பதை நிறுத்துங்கள், அண்ணே! கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள்! இந்தப் பிரிவுபசார மடலை நாங்கள் வாசிக்கும்போது உங்கள் கண் கதவில்தான் இருக்கும் என்று தெரிந்தே எழுதினோம்.

மேட்டுத்தடத்தின் மன்னவரே! மழைநாளின் மாலுமியே! முப்பத்து நான்கு ஆண்டுகள் டிராம் வண்டியின் முகப்பில் நின்று, மூச்சுத் திணறும் சரிவை முகம் சுளிக்காமல் ஏறி இறங்கிய பெருந்தகையே!

உங்கள் கவலை எங்களுக்குத் தெரியும். மேட்டுத்தட டிராமை நிறுத்திவிட்டுப் பேருந்து விடலாமா என்று நகரசபைக் குழு இன்று முடிவு சொல்ல வேண்டிய நாள். உங்களோடு உங்கள் வண்டியும் இன்றே ஓய்வு பெற்றுவிடுமோ என்ற அச்சத்தில் காலையிலிருந்து நீங்கள் தேநீர்கூடக் குடிக்கவில்லை. நாங்கள் மட்டும் நிம்மதியாகவா இருந்தோம்?

அந்த மழை மாலையை மறப்போமா! நிறைந்த வண்டி, நனைந்த தண்டவாளம், கீழே சாலையைக் கடக்கும் சந்தைக் கூட்டம். சக்கரம் வழுக்கியது. ஒரு காலால் மணியை அலறவிட்டு, மறுகாலால் மணல்பெட்டியின் மிதியை அழுத்தினீர்கள். தண்டவாளத்தில் விழுந்த மணலைக் கவ்வி வண்டி நின்றது. பயணிகளோ, "நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்திட்டீங்களே!" என்று உங்களைத் திட்டியபடியே இறங்கினார்கள்!

வீட்டிலும் உங்களுக்கு எதிர்க்கட்சி. பக்கத்துப் பணிமனையில் பேருந்து ஓட்டும் உங்கள் அருமை மகள், நம் உணவுக்கூடமே வேடிக்கை பார்க்க உங்களை மடக்கினார்.

"வழியில ஒரு லாரி நின்னுட்டா உங்க டிராம் என்னப்பா பண்ணும்? நான் சுத்திப் போயிடுவேன். தண்டவாளம், கம்பி எல்லாத்துக்கும் கொட்டுற காசுல எத்தனை பஸ் வாங்கலாம்!"

"வாங்கும்மா, வாங்கு. உன் பஸ்ஸு பழைய இரும்புக்குப் போறப்ப என் டிராம் வாலிபமா இருக்கும். திரும்ப வாங்குவியே, அதைக் கணக்குல சேத்தியா?"

"அதுவரைக்கும் தண்டவாளத்தைச் சும்மாவா பாத்துக்குவாங்க?"

தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனீர்கள். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் ஒரே மேசையில் சாப்பிடவில்லை.

ஆனாலும் உண்மைக்கு அஞ்சாதவர் நீங்கள்! குழுவின் முன்னால், "சமதளத்துக்கு பஸ் போதும். கூட்டம் நெரியிற மேட்டுக்கு மட்டும் டிராமை விடுங்க" என்றீர்கள். அப்போது தலைவர் கேட்டாரே ஒரு கேள்வி! "மேட்டுல ஓட்டத் தெரிஞ்ச எல்லாருமே ஓய்வு பெறப்போறவங்க. புதுசா ஒருத்தரும் கத்துக்க வரலை. ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு எதுக்குச் செலவு?"

அந்தக் கேள்விதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது.

இடையில் இன்னொரு தொல்லை. மூன்று மாதமாக மேட்டில் யாரோ மணல்பெட்டியின் மிதியை அளவில்லாமல் மிதித்து மணலைக் கொட்டினார்கள். அளவு மிஞ்சினால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் மின்தொடர்பு அறுந்து, வண்டி நடுமேட்டில் நின்றுவிடும். ஒருநாள் நின்றும்விட்டது. "எவன்டா அவன்? வீடு கட்டப் போறானா?" என்று கர்ஜித்தீர்கள். "நான்தாண்ணே" என்று ஒரே மூச்சில் நால்வர் ஒப்புக்கொண்டோம். அப்போதே நீங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்!

பொறுத்தருள்க, அண்ணே. குழுவின் முடிவு நண்பகலிலேயே வந்துவிட்டது. சமதளத்தில் பேருந்து ஓடும். மேட்டில் டிராம் ஓடும்!

குழுவின் மனத்தை மாற்றியது, எங்களிடம் மூன்று மாதம் மேட்டில் பழகி, மேட்டுத்தட ஓட்டுநர் தேர்வில் புதிதாகத் தேறிய ஒருவர் சொன்ன பதில்: "ரெண்டையும் ஓட்டிட்டேன் சார். நெரியிற கூட்டத்தோட மழையில அந்த மேட்டை ஏற டிராம்தான் சரி. செலவுதான், ஆனா தகும். ஓட்ட நான் இருக்கேன்."

உங்களிடம் தாமே சொல்ல வேண்டும் என்று அவர் எங்கள் வாயைக் கட்டிவிட்டார்.

வழுக்காத கால்களோடும் வாடாத சிரிப்போடும் நெடுநாள் வாழ்க! நாளை முதல் வண்டியில் பயணியாக உட்கார்ந்து, மணலின் அளவை மட்டும் பார்த்துச் சொல்க!

இப்போது கதவைப் பாருங்கள், அண்ணே.

இவண்,
மேட்டுத்தட டிராம் பணிமனையின் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பழுதுபார்ப்போர்,
மற்றும் மணலைக் கொட்டிய உங்கள் மகள்.