ஓர் அளவு பெரிய கட்டைகள்

கணப்புக்கு அளவெடுப்பவர்கள் முன்வாயை மட்டும் அளந்துகொண்டு கடைக்கு வந்துவிடுகிறார்கள், உள்ளே போகப்போகக் குறுகும் என்பது யாருக்கும் தெரிவதில்லை என்று குறைபட்டுக்கொண்டீர்களே, ப்ரூயிட். அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், ஆழம் எல்லாமே அளந்துதான் வந்தேன். விறகு போலவே சுட்டுச் செய்து நீங்கள் விற்ற மண்கட்டைகளிலும் குறையில்லை. அசல் ஓக் விறகு தோற்றுவிடும். கேஸைத் திருகினால் தீ அழகாக எழுந்து ஆடுகிறது. எங்கள் கிளி செத்ததற்கு உங்கள் கடைதான் காரணமோ என்று நீங்கள் தூக்கம் கெட்டு அலைவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறேன்.

டார்லீனை நான் கட்டிக்கொண்டபோது வீட்டோடு அந்தச் சாம்பல் நிறக் கிளியும் வந்தது. அவளுடைய முதல் கணவர் வென்டல் வளர்த்தது. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். குரலை மட்டும் கிளியிடம் விட்டுவிட்டுப் போனார். காலையில் நான் அவளைக் காப்பிக்குக் கூப்பிடுவேன். கிளி முந்திக்கொள்ளும்.

"டார்லீன் கண்ணு, இங்க வாடி, பக்கத்துல உக்காரு."

"இதோ வந்துட்டேங்க."

கூண்டருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். என் காப்பி ஆறிப்போகும். போதாக்குறைக்கு என்னைப் பார்த்தால், "யாருடி இந்த ஆளு? இன்னும் கெளம்பலியா?" என்று கேட்கும். வாசலுக்கு வரும் விற்பனைக்காரர்களை வென்டல் அப்படித்தான் கேட்பாராம். டார்லீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எனக்கு வேடிக்கை பிடிக்கும்.

நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். என் மனைவி என் குரலுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். இது பேராசை இல்லையே.

கடையில் நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "ஹார்லன் சார், இது புகைபோக்கிய மூடிட்டு எரிக்கிற கட்டை. உங்க ரூமுக்குச் சின்னதே தாராளம். பெருசு போட்டா வெந்துதான் போவீங்க. ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வைங்க, காத்து கெட்டுடும். பறவை கிறவை இருந்தா அந்தப் பக்கமே வேணாம்." நல்ல அறிவுரை. ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டுப் பெரியதை வாங்கினேன்.

அன்று ஞாயிறு, தேவாலயத்தில் விருந்து. டார்லீன் காரில் ஏறியதும் நான் மட்டும் வீட்டுக்குள் திரும்பி வந்து தீயை முழுவதுமாகத் திருகிவிட்டேன். குளிர் வரக்கூடாதே என்று ஜன்னலைச் சாத்தினேன். கூண்டைக் கணப்பின் பக்கம் நகர்த்தினேன். வெப்பநாட்டுப் பறவை அல்லவா. விருந்தில் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் பிரமாதம். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பியபோது கிளி கூண்டின் தரையில் கிடந்தது. டார்லீன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, "பேசுங்க, ஒரே ஒரு தடவ பேசுங்க" என்று கெஞ்சினாள். எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு யார் கூப்பிட்டாலும் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டாலும்தான். ஒருநாள் அடுக்களையிலிருந்து, தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கி, "என்னடி, இன்னிக்குச் சோள ரொட்டி சுடலியா?" என்றேன். ஓடி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. இப்போது எப்போதும் அப்படியே பேசுகிறேன். அவள் என்னை வென்டல் என்று கூப்பிடுகிறாள், பழகிவிட்டது. சிரிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள்.

ஆகவே நிம்மதியாகப் போய்த் தூங்குங்கள், ப்ரூயிட். கிளியைக் கொன்றது நான்தான். செய்ததும் நல்லதாகவே போயிற்று. இந்த வீட்டில் இப்போது என் குரல் ஒன்றுதான் கேட்கிறது.